பாடநூலுக்கு முன்னும் பின்னும்: தேசியக் கலைத்திட்டத்தின் அரசியல்

2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு பற்றிய பாடத்தில், சாதி மோதலையும் உடை மாற்றத்தையும் பேசும் பகுதியிலிருந்து இனித் தேர்வில் கேள்வி வராது என்பது செய்தி. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் திருவிதாங்கூரில் 1822 தொடங்கி 1859 அரசாணை வரை நீண்ட தோள்சீலைப் போராட்டம் அந்தப் பகுதியில்தான் இருந்தது. சுற்றறிக்கை வந்த அன்று புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக அதுவே போதுமானதாக இருந்தது. 2019 மார்ச்சில் பாடச்சுமையைக் காரணம் காட்டி அந்தப் பாடத்தை முழுதாகவே எடுத்துவிட்டது, தேசியப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. அதோடு கிரிக்கெட்டின் வரலாறும் உழவர்களைப் பற்றிய பாடமும் போயின.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் கேள்வித்தாள், பிறகுதான் புத்தகம். பாடத்திட்ட அரசியல் என்றதும் நாம் பாடநூலைப் புரட்டி யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று தேடுகிறோம். தேடத்தான் வேண்டும். ஆனால் பாடநூல் என்பது ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலியில் மூன்றாவது கண்ணி. அதற்கு முன்னால் கலைத்திட்டமும் பாடத்திட்டமும் இருக்கின்றன. பின்னால் பாடவேளைப் பங்கீடும் தேர்வும் வருகின்றன. சத்தம் பெரும்பாலும் மூன்றாவது கண்ணியில் எழுகிறது. தீர்மானங்கள் பெரும்பாலும் மற்ற நான்கில் நடக்கின்றன.

சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. கலைத்திட்டம் என்பது எதற்காகக் கற்பிக்கிறோம், எந்த வகைக் குடிமகனை எதிர்பார்க்கிறோம், எந்த வயதில் எது, எத்தனை மொழி என்பதையெல்லாம் சொல்லும் ஆவணம். பாடத்திட்டம் என்பது அதிலிருந்து வகுப்புவாரியாக, பாடவாரியாக எடுக்கப்படும் தலைப்புப் பட்டியல். பாடநூல் அந்தப் பட்டியலுக்கு எழுதப்படும் உரை. பேச்சுவழக்கில் மூன்றையும் 'சிலபஸ்' என்றே சொல்லிவிடுகிறோம். அதனால் யாரிடம் கேள்வி கேட்பது என்பதும் குழம்பிவிடுகிறது.

கையெழுத்து யாருடையது என்று பார்ப்போம். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பள்ளிக் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில் 1976-இல் நிறைவேறிய 42ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 'மதச்சார்பற்ற', 'சோசலிச' என்ற சொற்களை முகப்புரையில் சேர்த்ததும் அறிவியல் மனப்பான்மையைக் குடிமக்களின் கடமையாக எழுதியதும் அதே திருத்தம்தான். ஒரு கையால் விழுமியத்தை எழுதி, மறுகையால் அதைக் கற்பிக்கும் அதிகாரத்தைப் பகிர்ந்து எடுத்துக்கொண்டது ஒன்றிய அரசு. கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பவர்களும் அந்தச் சொற்களைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரே ஆட்கள். இரண்டும் ஒரே திருத்தத்தில் வந்தவை என்பது அதிகம் நினைவுகூரப்படுவதில்லை.

1961-இல் தொடங்கப்பட்ட என்.சி.இ.ஆர்.டி. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான ஒரு தன்னாட்சி அமைப்பு. பெயரளவில் ஆலோசனை அமைப்புதான். மாநிலங்களுக்கு அது உத்தரவிட முடியாது. ஆனால் அதன் தலைமைப் பொறுப்பு ஒன்றியக் கல்வி அமைச்சரிடம் இருக்கிறது, இயக்குநரை நியமிப்பதும் ஒன்றிய அரசு. 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்றிய அரசு தேசியக் கலைத்திட்டத்துக்கான சட்டகத்தை உருவாக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 29ஆவது பிரிவு, தொடக்கக் கல்விக்கான கலைத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் உரிய அரசு குறிப்பிடும் கல்வி அமைப்பு வகுக்கும் என்கிறது. மாநிலப் பள்ளிகளுக்கு அந்த உரிய அரசு மாநில அரசே. அந்தச் சட்டகம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

இது நீதிமன்றத்திலேயே சோதிக்கப்பட்ட விஷயம். 2000-ஆம் ஆண்டின் கலைத்திட்டச் சட்டகம், மத்தியக் கல்வி ஆலோசனை வாரியத்தைக் கலக்காமல் வந்தது, மதங்களைப் பற்றிக் கற்பிக்கச் சொல்வதன்மூலம், முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் மதபோதனை கூடாது என்னும் அரசமைப்பின் 28ஆவது உறுப்பை மீறுகிறது என்று சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராய் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மாநிலக் கல்வி அமைச்சர்களும் இடம்பெறும் அந்த வாரியம் சட்டத்தால் உருவான அமைப்பு அல்ல, அதைக் கலக்காததால் சட்டகம் செல்லாததாகிவிடாது என்றது. மதபோதனை வேறு, மதங்களைப் பற்றிய படிப்பு வேறு என்றும் பிரித்தது. இரண்டாவது பகுதியைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. எனக்கு முதல் பகுதியே முக்கியமாகப் படுகிறது. மாநிலங்களின் குரலைக் கேட்பது மரபாக இருக்கலாம், கட்டாயம் இல்லை என்று அதன்பின் தெளிவாகிவிட்டது.

இதுவரை வந்த சட்டகங்களின் ஆண்டுகள் 1975, 1988, 2000, 2005, 2023. கடைசி மூன்றையும் தேர்தல் ஆண்டுகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் பொருத்தம் தெரியும். 1975-இன் பின்னணியில் கோத்தாரிக் குழுவின் பத்தாண்டுப் பொதுக்கல்விக் கருத்து இருந்தது. 1977-இல் ஜனதா அரசு வந்ததும் ஆர்.எஸ். சர்மா எழுதிய பண்டைய இந்தியா நூல் 1978-இல் பாடத்திலிருந்து விலக்கப்பட்டது. 2000 சட்டகம் முரளி மனோகர் ஜோஷி அமைச்சராக இருந்தபோது வந்தது. 2004-இல் ஆட்சி மாறியதும் யஷ்பால் தலைமையில் குழு அமைத்து, 21 கவனக் குழுக்களின் அறிக்கைகளோடு 2005 சட்டகம் வந்தது. மனப்பாடத்திலிருந்து விடுபடுவது, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைப்பது அதன் மையக்கருத்துகள். 2023 சட்டகம் 2020 தேசியக் கல்விக் கொள்கையின் குழந்தை. இரண்டின் குழுவுக்கும் தலைவர் கஸ்தூரிரங்கன்.

விழுமியம் எந்த இடத்தில் உள்ளே வருகிறது? 1986 கல்விக் கொள்கை நாடு முழுமைக்கும் பொதுவான பத்து மையக் கூறுகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் சில: விடுதலைப் போராட்ட வரலாறு, அரசமைப்புக் கடமைகள், பொதுப் பண்பாட்டு மரபு, சமத்துவம், ஆண் பெண் சமநிலை, சமூகத் தடைகளை அகற்றுதல், அறிவியல் மனப்பான்மை, அவற்றோடு சிறுகுடும்ப நெறி. இன்று அந்தக் கடைசிச் சொல் பழைய தபால்தலை போல இருக்கிறது. ஒரு காலத்தின் அரசு எதற்குப் பயந்தது என்பதை அதன் விழுமியப் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும். 2020 கொள்கை தரும் பட்டியல் சேவை, அகிம்சை, தூய்மை, சத்தியம், நிஷ்காம கர்மம் (பலன் கருதாத செயல்) என்று தொடங்கி, சகிப்பு, பன்மை, பெரியோரை மதித்தல் வழியாகச் சென்று, நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முடிகிறது. எந்தச் சொல்லும் தவறான சொல் இல்லை. ஆனால் 1986 பட்டியலின் பெரும்பகுதி குடிமகன் அரசோடும் சக குடிமக்களோடும் கொள்ளும் உறவைப் பற்றியது. 2020 பட்டியலின் முன்பகுதி தனிமனித ஒழுக்கத்தைப் பற்றியது. சாதியைச் 'சமூகத் தடை' என்று எழுதினால் அதை அகற்றும் பொறுப்பு யாருக்கோ உண்டு. 'மரியாதை' என்று மட்டும் எழுதினால் அது மாணவனின் நடத்தை மதிப்பெண்ணாக முடிந்துவிடும்.

இனி உரைக்குள் வருவோம். ஒரு பாடநூலைத் திருத்த மூன்று வழிகள் உண்டு. புதிதாகச் சேர்க்கலாம், மாற்றி எழுதலாம், நீக்கலாம். முதல் இரண்டும் செலவு பிடிப்பவை. சேர்த்தால் சான்று கேட்பார்கள், மாற்றி எழுதினால் யார் எழுதியது என்று கேட்பார்கள், வல்லுநர் குழுவின் பெயர் அச்சில் வர வேண்டும். நீக்கலுக்கு எழுத்தாளரும் வேண்டாம், சான்றும் வேண்டாம். 'பாடச்சுமை' என்ற ஒரு சொல் போதும். அதற்குப் பெற்றோரும் ஆசிரியர்களும் கைதட்டுவார்கள், சுமை உண்மையிலேயே இருப்பதால். அதனால்தான் உலகத்தில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் கை முதலில் கத்தரிக்கோலுக்குப் போகிறது.

கொரோனாக் காலம் இதற்கு ஒரு பாடம். 2020 ஜூலையில் அந்த ஒரு கல்வியாண்டுக்கு மட்டும் என்று சி.பி.எஸ்.இ. 30 விழுக்காடு வரை பாடங்களைக் குறைத்தது. பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியலில் கூட்டாட்சி, குடியுரிமை, தேசியவாதம், மதச்சார்பின்மை ஆகியவை குறைப்பில் சிக்கின. எதிர்ப்பு வந்தது, அடுத்த ஆண்டு அவை திரும்பின. 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. நடத்திய சீரமைப்பு வேறு வகை. அதில் போனவை திரும்பவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபு' என்று சுருங்கியது, தனிம வரிசை அட்டவணைப் பாடம் போனது. குடிமையியலில் மக்கள் போராட்டங்களும் ஜனநாயகத்தின் சவால்களும் போயின. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் முகலாய அரசவைகள் பற்றிய பாடமும், அரசியல் அறிவியலில் 2002 குஜராத் கலவரம் பற்றிய பகுதியும் இல்லாமல் போயின. பரிணாமப் பாடத்தைத் திரும்பக் கேட்டு 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள்.

பரிணாமமும் தனிம அட்டவணையும் மேல்வகுப்பில் இருக்கின்றனவே என்பது அதிகாரபூர்வப் பதில். உண்மைதான், இருக்கின்றன. ஆனால் பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டு வணிகவியலுக்கோ கலைப்பிரிவுக்கோ போகிற பிள்ளை டார்வினைப் பாடநூலில் இனிச் சந்திக்காது. ஒரு பாடத்தை எந்த வகுப்பில் வைப்பது என்பதே அது எல்லோருக்கும் உரியதா, சிலருக்கு மட்டுமா என்ற தீர்ப்பு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' தனி அலகாக நிற்கிறது. இரு நூல்களையும் அருகருகே வைத்தால் இது விளங்கும்.

நீக்கத்தைச் செய்வது எப்போதும் அரசு மட்டும் இல்லை. தோள்சீலைப் பாடத்தில் நாடார் சமூகத்தினர் சித்திரிக்கப்பட்ட விதத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் நடந்தது. தவறான வரிகளைத் திருத்தி, ஒடுக்கப்பட்டவர்களின் போராட்டத்தை இன்னும் துல்லியமாக எழுதியிருக்கலாம். சி.பி.எஸ்.இ. எளிய வழியைத் தேர்ந்தது. பாடநூலில் இருந்த, சங்கர் வரைந்த அம்பேத்கர் கேலிச்சித்திரம் 2012-இல் நாடாளுமன்றத்தை உலுக்கியதும் இதே வகை. பாடநூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் பதவி விலகினார்கள். அடுத்த மாதமே பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்த, இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லட்சுமணின் சித்திரத்தை நீக்கச் சொல்லி இங்கிருந்து குரல் எழுந்தது. மாணவர்கள் விவாதிக்க வேண்டும் என்று வைத்த படங்களை மாணவர்கள் விவாதிக்கும் முன்பே பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். 2023-இல் அதே யாதவும் பல்சிகரும், வெட்டப்பட்ட நூல்களில் தங்கள் பெயர் இருக்கக் கூடாது என்று என்.சி.இ.ஆர்.டி.க்கு எழுதினார்கள்.

மாநிலங்களிலும் கைகள் சுத்தமில்லை. கர்நாடகத்தில் 2022-இல் சேர்க்கப்பட்ட, ஆர்.எஸ்.எஸ். நிறுவனர் ஹெட்கேவாரின் பாடம் 2023-இல் ஆட்சி மாறியதும் நீங்கியது. தமிழ்நாட்டில் 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கு பாடத்திட்டங்களையும் ஒன்றாக்கியது. 2011-இல் வந்த அரசு அதைத் தள்ளிவைக்கப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பு வரும்வரை, பள்ளி திறந்து ஏறக்குறைய இரண்டு மாதம் பிள்ளைகள் புத்தகமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் புத்தகம் வந்தபோது கருணாநிதி தொடர்பான பகுதிகள் மீது ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. ஸ்டிக்கரை உரித்துப் பார்க்காத மாணவன் எங்காவது இருந்திருப்பானா என்பது சந்தேகம்.

பெயர் சூட்டுவதும் அரசியல். 2024-இல் வந்த புதிய ஆறாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. நூலில் ஹரப்பா நாகரிகத்துக்குச் 'சிந்து சரஸ்வதி' என்ற பெயரும் வருகிறது. தமிழ்நாட்டு நூல் 'சிந்துவெளி' என்கிறது. ஒரு பெயர் வேதகால நதியோடு தொடர்பை முன்மொழிகிறது, மற்றது நிலப்பரப்போடு நிறுத்திக்கொள்கிறது. பெயரை மட்டும் மனப்பாடம் செய்யும் 11 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயரின் பின்னால் உள்ள விவாதம் போய்ச் சேராது, முடிவு மட்டும் போய்ச் சேரும்.

திருத்தப்பட்ட நூலை வாசிக்க விரும்பும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சில கைப்பழக்கங்கள் உதவும். பழைய பதிப்பின் பொருளடக்கத்தைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பக்க எண்களைக் கழித்துப் பாருங்கள். தலைப்பு தங்கியிருந்தும் 14 பக்கம் 5 ஆகியிருக்கலாம். வினைச்சொற்களைப் பாருங்கள். 'நிலம் பறிபோனது' என்றால் பறித்தவர் இல்லை, 'பறித்தார்கள்' என்றால் எழுவாய் வேண்டும். கலவரம் 'வெடித்தது', வறுமை 'நிலவியது', கோயில் 'இடிக்கப்பட்டது' என்று எழுதும்போது யார், ஏன் என்பது காணாமல் போகிறது. அதே நூல் வேறு இடத்தில் எழுவாயைத் தாராளமாகப் போட்டிருந்தால் அதுதான் சாய்வு. அடுத்து, ஒரு செய்தி முதன்மை உரையில் இருக்கிறதா, பெட்டிச் செய்தியில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியிலிருந்து கேள்வி வராது என்று எல்லா வகுப்பறைக்கும் தெரியும். பெண்களும் தலித்துகளும் பழங்குடிகளும் பெட்டிக்குள் நிறைய வசிக்கிறார்கள். கடைசியாகப் பாடத்தின் பின்னுள்ள பயிற்சிகள். 'ஏன்', 'உன் கருத்து என்ன' என்பவை குறைந்து 'பட்டியலிடு', 'பொருத்துக' கூடியிருந்தால் உரை மாறாமலே பாடம் மாறிவிட்டது.

பாடவேளைக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாள், 1,000 கற்பித்தல் மணிநேரம் என்று குறைந்தபட்ச அளவை வைக்கிறது. 40 நிமிடப் பாடவேளையாகப் பிரித்தால் 1,500. வாரம் 40 பாடவேளையில் சமூக அறிவியலுக்கு 5 கிடைத்தால் ஆண்டுக்கு 187 சொச்சம். வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் பங்கிட்டால் வரலாற்றுக்கு 62. பத்துப் பாடம் என்றால் பாடத்துக்கு ஆறு வேளை. தேர்வு, திருப்புதல், விளையாட்டு விழா, ஆசிரியரின் தேர்தல் பணி, கணக்கு வாத்தியார் கடன் வாங்கிய வேளைகள் எல்லாம் போனால் நான்கு மிஞ்சலாம். நான்கு வேளையில் ஒரு பாடத்தை வாசித்து, குறிப்பு எழுதிப்போட்டு, கேள்வி பதில் முடித்துவிடலாம். விவாதம் நடத்த முடியாது. 2005 சட்டகம் எழுப்பிய கனவு சறுக்கிய முக்கிய இடம் இது. விவாதிக்க எழுதப்பட்ட நூல், விவாதிக்க நேரமில்லாத கால அட்டவணைக்குள் வந்து விழுந்தது. நடுவில் கைடு புத்தகக்காரர்கள் நுழைந்து, திறந்த கேள்விகளுக்கும் மூடிய விடைகளை அச்சிட்டு விற்றார்கள்.

மொழிக் கொள்கையிலும் நடைமுறை ஒரு விழுமியத்தை மறைத்துக் கொண்டுபோகிறது. 2023 சட்டகம் மொழிகளை முதல், இரண்டாம், மூன்றாம் மொழி என்று வகுத்து, மூன்றாவதை ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கச் சொல்கிறது. மூன்றில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும், எந்த மொழியும் திணிக்கப்படாது என்கிறது கொள்கை. இந்தி என்று எங்கும் கட்டாயமாக எழுதவில்லை என்பது சரி. ஆனால் ஆறாம் வகுப்பில் 60 பேர் உள்ள ஓர் அரசுப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் தெலுங்கு, ஐந்து பேர் மலையாளம், நான்கு பேர் கன்னடம், மூன்று பேர் உருது, மீதிப் பேர் எதுவானாலும் சரி என்கிறார்கள். மூன்றாம் மொழிக்கு அந்தப் பள்ளிக்கு வரக்கூடிய பணியிடம் ஒன்று. எந்த மொழிக்கு ஆசிரியரும் பயிற்சி நூலும் எளிதாகக் கிடைக்குமோ அந்த மொழியே தேர்வாகும். தெரிவு காகிதத்தில் பலவாகவும் வகுப்பில் ஒன்றாகவும் இருக்கும். 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கும் தமிழ்நாட்டின் தயக்கத்தை உணர்ச்சி அரசியல் என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பணியிடக் கணக்கைப் போடுவதில்லை. பணமும் இதில் கோக்கப்பட்டிருக்கிறது. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால், பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் 2024-25-க்கான நிதி 2,152 கோடி ரூபாய் தரப்படவில்லை என்பது தமிழ்நாட்டின் புகார். ஆலோசனை மட்டும் சொல்லும் சட்டகத்துக்கு இப்படித்தான் பல் முளைக்கிறது.

ஐந்தாம் கண்ணிக்குத் திரும்புவோம். நீட் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. நூல்களை ஒட்டி வருகின்றன என்பது எல்லா மருத்துவக் கனவுக்கும் தெரிந்த விஷயம். தமிழ்நாட்டில் 2017 முதல் நீட் நடைமுறைக்கு வந்ததும், பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாவிப் பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு ஆண்டு நடத்திவந்த பழக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. அதைத் தடுக்கப் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் 2018 முதல் புதிய பாடநூல்கள் வந்தபோது மேல்நிலை அறிவியல் நூல்கள் தடித்தன. தேசிய நுழைவுத் தேர்வுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதே காரணம். எந்த ஒன்றிய உத்தரவும் வரவில்லை, மாநிலப் பாடத்திட்டம் தானாகவே தேசியப் பாடத்திட்டத்தின் உயரத்துக்கு நிமிர்ந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பாடத்தை முடிக்க முடியாமல் திணறினார்கள். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது கைவிடப்பட்டது. நூல்களின் தடிமன் அப்படியே இருக்கிறது.

2022 நீக்கங்களுக்குக் கேரளம் காட்டிய எதிர்வினை இந்தச் சங்கிலியைப் புரிந்துகொண்ட எதிர்வினை. அங்கே மேல்நிலை வகுப்புகளில் என்.சி.இ.ஆர்.டி. நூல்களே பயன்படுகின்றன. அதனால் நீக்கப்பட்ட வரலாறு, அரசியல் அறிவியல் உள்ளிட்ட பகுதிகளைத் துணைநூல்களாக 2023 ஆகஸ்ட்டில் அந்த மாநிலம் வெளியிட்டது. புத்தகத்தோடு நிற்கவில்லை, அந்தப் பகுதிகளிலிருந்தும் தேர்வில் கேள்வி வரும் என்று கல்வி அமைச்சர் சிவன்குட்டி அறிவித்தார். மேல்நிலைத் தேர்வை நடத்துவது மாநிலத்தின் சொந்த வாரியம், அதனால் அப்படிச் சொல்ல முடிந்தது. அதே கேரளத்துப் பிள்ளை நீட் எழுதப் போகும்போது அந்தக் கேள்வித்தாளில் மாநிலத்தால் ஒரு வரியும் சேர்க்க முடியாது.